ஹாட் ஆயில் யூனிட் தகராறு செய்கிறதா: நாமே பார்ப்பதா, ஏ.எம்.சி. போடுவதா, ஓவர்ஹாலா, புதிதா?

இராமநாதபுரம் கடற்கரைப் பக்கம் சின்னத் தொழிற்கூடம் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. மோல்டிங் மெஷினுக்கோ, ரப்பர் பிரஸ்ஸுக்கோ, ஜாக்கெட் பாத்திரத்துக்கோ சூடு கொடுக்கும் ஹாட் ஆயில் யூனிட் சில வருஷம் நன்றாக ஓடியிருக்கும். இப்போது 200 டிகிரியைத் தொட முன்பைவிட இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். அல்லது அடிக்கடி டிரிப் ஆகும். அல்லது பம்ப் சீலில் சொட்டும். ஒருவர் "ஆயிலை மாத்துங்க" என்பார், இன்னொருவர் "ஏ.எம்.சி. போட்டுருங்க" (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்பார், விற்பனையாளர் புது யூனிட்டுக்குக் கொட்டேஷனே அனுப்பிவிடுவார். உரிமையாளர் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் நிற்பார்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு ஆயிலிலா, கரண்டிலா, பம்பிலா, தண்ணீர் ஓடி ஆயிலைக் குளிர வைக்கும் கூலரிலா என்று பிரித்துப் பார்க்காமல் எடுக்கிற எந்த முடிவும் காசைக் கரியாக்கும். பிரித்துப் பார்த்துவிட்டால் பெரும்பாலான சின்னக் கூடங்களுக்கு அன்றாடம் நாமே கவனிப்பதும், தேவைப்படும்போது ஒருமுறை ஒழுங்காக ஓவர்ஹால் (முழுதாகக் கழற்றிச் சுத்தம் செய்து சீர்படுத்துவது) செய்வதும் சரியாக வரும். ஏ.எம்.சி.யும் புது யூனிட்டும் சிலருக்குத்தான் பொருந்தும். அந்தச் சிலர் யார் என்பதையும் கீழே சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

ஒரு நாள் நின்றால் என்ன நஷ்டம் என்பது முதல் அளவுகோல். ஒரே ஷிப்ட் ஓடுகிற கூடத்தில் ஒரு நாள் வேலையை மறுநாள் ஈடுகட்டிவிடலாம். இரவு பகலாக ஓடும் கூடத்திலோ, பாத்திரத்துக்குள் பொருள் இறுகிப்போகும் தொழிலிலோ அது முடியாது.

அடுத்தது, ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பது. இராமநாதபுரத்திலிருந்து மதுரையே நூறு கிலோமீட்டருக்கு மேல். இராமேஸ்வரம் தீவிலிருந்து இன்னும் தூரம். கோயம்புத்தூரிலிருந்து சர்வீஸ் ஆள் வர வேண்டுமென்றால் போக ஒரு நாள், வர ஒரு நாள். உதிரிப்பாகத்துக்கும் இதே கணக்குதான்.

மூன்றாவது உப்புக்காற்று. காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தில் நிலையம் வைத்தது சும்மா இல்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் பூச்சும், துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் போட வேண்டியிருந்தது. அந்தக் காற்றுதான் நம் மின்சார கன்ட்ரோல் பேனலுக்குள்ளும் போகிறது. உள்ளூர்க் கோளாறு பலவற்றுக்கு ஆயிலைவிட இந்தக் காற்றும், உப்புத் தண்ணீரும், ஏறி இறங்கும் வோல்டேஜும்தான் காரணம். யூனிட் செய்தவர்களின் கையேட்டில் இது இவ்வளவு விரிவாக இருக்காது.

நான்காவது, ஆயிலின் நிலை. இதைக் கண்ணால் முடிவு செய்யக்கூடாது, ஏனென்றால் மினரல் ஆயில் சூட்டில் சீக்கிரமே கறுத்துவிடும். கறுத்திருப்பதாலேயே அது கெட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது.

பாதுகாப்பை அளவுகோலாகக்கூடச் சேர்க்க மாட்டேன். அது தடை உத்தரவு. ஹை லிமிட் ட்ரிப்பையோ (சூடு எல்லை மீறினால் ஹீட்டரை அணைப்பது) லெவல் ஸ்விட்சையோ (ஆயில் அளவு குறைந்தால் அணைப்பது) ஜம்பர் கம்பி போட்டு வேலை செய்யாமலாக்கி ஓட்ட வேண்டிய நிலை வந்துவிட்டால், எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. யூனிட்டை நிறுத்திவிட வேண்டும்.

## முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள்

இந்தப் பகுதிதான் காசை மிச்சப்படுத்தும். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

சூடு ஏற நேரமாகிறது. முதலில் எவ்வளவு நேரம் ஆக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். 100 லிட்டர் ஆயில் சுமார் 85 கிலோ. அதை 30 டிகிரியிலிருந்து 200-க்கு ஏற்ற ஏறத்தாழ 9 கிலோவாட் மணி நேரம் மின்சாரம் வேண்டும். 12 கிலோவாட் ஹீட்டர் என்றால் வெறும் ஆயிலுக்கு 45 நிமிடம். குழாயும் அச்சும் சேர்ந்தால் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். இதைவிட மிக அதிகமானால் கம்பியைச் சுற்றிப் பிடித்து ஆம்பியர் பார்க்கும் கிளாம்ப் மீட்டரை எடுங்கள். 12 கிலோவாட் ஹீட்டர் 415 வோல்ட்டில் ஒவ்வொரு ஃபேஸிலும் 16 முதல் 17 ஆம்பியர் இழுக்க வேண்டும். ஸ்டார் இணைப்பில் ஒரு எலிமென்ட் போனால் ஒரு ஃபேஸில் சுழியம் காட்டும், மற்ற இரண்டில் 14 சொச்சம் காட்டும், சூடு பாதியாகிவிடும். டெல்டாவில் ஒன்று போனால் ஒரு ஃபேஸில் 16-17 இருக்கும், மற்ற இரண்டும் பத்துக்குக் கீழே இறங்கியிருக்கும், சூடு மூன்றில் இரண்டு பங்காகும். இதற்கு வேண்டியது ஒரு எலிமென்ட் மட்டும்தான்.

மூன்றிலும் ஆம்பியர் சமமாகக் குறைந்திருந்தால் வோல்டேஜைப் பாருங்கள். லைனின் கடைக்கோடியில் இருக்கும் ஊர்களில் இது சாதாரணம். 415 வோல்ட் 370-க்கு இறங்கினால் ஹீட்டரின் சக்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். புது யூனிட் வாங்கி வைத்தாலும் அதே 370 வோல்ட்தான் அதற்கும் கிடைக்கும்.

ஆம்பியர் முழுதாக இருந்தும் சூடு ஏறவில்லை என்றால் கூலிங் வாட்டர் வெளியே போகும் குழாயைக் கவனியுங்கள். ஹீட்டிங் நடக்கும்போது அந்தக் குழாய் சூடாக இருந்தால், கூலருக்குத் தண்ணீரைத் திறந்து மூடும் சோலினாய்டு வால்வு முழுதாக மூடவில்லை. நம் ஊர்த் தண்ணீரின் உப்புப் படிந்து அது பாதித் திறப்பில் நின்றுவிடும். ஒரு பக்கம் சூடாக்கிக்கொண்டே இன்னொரு பக்கம் குளிர வைத்துக்கொண்டிருப்பீர்கள். இதுவும் இல்லையென்றால்தான் ஸ்ட்ரைனர் (ஆயிலை வடிகட்டும் வலை) அடைப்பு, பம்ப் தேய்மானம், ஹீட்டர் மேல் கரி என்று போக வேண்டும்.

மழைக்காலம் முடிந்து ஓட்டினால் டிரிப் ஆகிறது. இதைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் புரியும். வாடைக் காற்று மாதங்களில் யூனிட் சில வாரம் நின்றிருக்கும். ஹீட்டரின் டெர்மினல் பெட்டியைத் திறந்தால் மூடியின் உள்பக்கம் வியர்த்திருக்கும். பித்தளை நட்டில் பச்சை பூத்திருக்கும். எலிமென்ட்டின் வாயில் இருக்கும் சிவப்பு சீல் சுருங்கி, சுற்றிலும் மயிரிழை அளவுக்கு இடைவெளி விட்டிருக்கும். அந்த இடைவெளி வழியாக உள்ளே நிரப்பியிருக்கும் மக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சிவிடும். மின்கசிவுத் தடையை அளக்கும் மெகரை வைத்தால் ஒரு மெகா ஓமுக்கும் கீழே காட்டும். கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழும். "ஹீட்டர் போச்சு" என்று எலக்ட்ரீஷியன் சொல்வார்.

பல நேரம் ஹீட்டருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, ஈரம் மட்டும்தான். கரண்டை முழுதாகத் துண்டித்துப் பூட்டிவிட்டு, டெர்மினல்களைத் துடைத்துச் சுத்தம் செய்து, பெட்டியில் மிதமான சூட்டை இரவு முழுக்கக் கொடுங்கள். எலிமென்ட்டைக் கழற்ற முடிந்தால் சுமார் 120 டிகிரி ஓவனில் சில மணி நேரம் வைக்கலாம். மறுபடி மெகர் பாருங்கள். அளவு ஏறிக்கொண்டே வந்தால் ஈரம்தான் காரணம். ஏறவே இல்லை என்றால் எலிமென்ட்டை மாற்றுங்கள். டிரிப் விழுகிறதே என்று ஈ.எல்.சி.பி.யைத் தூக்கிவிட்டு நேராக இணைப்பது உயிரோடு விளையாடுவது.

பிரஷர் முள் துடிக்கிறது. முள் நடுங்கி, பம்பில் சரளைக்கல் உருளுகிற மாதிரிச் சத்தம் வந்தால் ஆயிலில் காற்றோ தண்ணீரோ கலந்திருக்கிறது. தாளிக்கும் சட்டியில் ஈரக்கரண்டி பட்டால் என்ன ஆகுமோ அதுதான் உள்ளே நடக்கிறது. ஒரு பங்கு தண்ணீர் ஆவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்குக்கு மேல் விரியும். அந்த ஆவி எக்ஸ்பான்ஷன் டேங்க் (சூட்டில் விரியும் ஆயிலுக்கு இடம் தரும் மேல் தொட்டி) வழியாக ஆயிலையும் பொங்க வைத்து வெளியே தள்ளும். முள் துடிக்காமல் அளவு மட்டும் குறைவாக இருந்தால், சமீபத்தில் டிரான்ஸ்ஃபார்மர் வேலையோ ஜெனரேட்டர் இணைப்பு வேலையோ நடந்ததா என்று கேளுங்கள். ஃபேஸ் இடம் மாறினால் பம்ப் பின்னோக்கிச் சுற்றும். கொஞ்சம் ஆயில் ஓடத்தான் செய்யும், ஆனால் ஹீட்டரைக் காப்பாற்றும் அளவுக்கு ஓடாது.

எக்ஸ்பான்ஷன் டேங்கில் லெவல் தானாக ஏறுகிறது. யாரும் ஆயில் ஊற்றவில்லை, குளிர்ந்த நிலையில் லெவல் மட்டும் நேற்றைவிட மேலே இருக்கிறது. அப்படியென்றால் கூலர் காயில் ஓட்டையாகி, தண்ணீர் ஆயிலுக்குள் வந்துகொண்டிருக்கிறது. நான்கு அறிகுறிகளில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். உடனே நிறுத்துங்கள். எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) காயில் போட்டால் தீர்ந்துவிடும் என்று சொல்வார்கள். உப்புத் தண்ணீரும் சூடும் சேர்ந்தால் 304 தர ஸ்டீலிலும் விரிசல் விடும். போர்வெல் தண்ணீரை நேராக விடுவதை நிறுத்தி, நல்ல தண்ணீரை ஒரு தொட்டியில் சுழலவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு.

ஆயில் சோதனை. ஆயிலைப் பற்றி எந்த முடிவும் எடுக்கும் முன் சாம்பிள் அனுப்புங்கள். பெரிய ஆயில் நிறுவனங்கள் பல, தங்கள் தெர்மிக் ஃப்ளூயிட் (இந்த யூனிட்டில் ஓடும் ஆயில்) வாங்குபவர்களுக்குச் சோதித்துத் தருகின்றன. ஓடும் லைனிலிருந்து எடுங்கள், டேங்கின் அடியில் தேங்கியதை எடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் இரண்டை முக்கியமாகப் பார்க்க வேண்டும். ஃபிளாஷ் பாயின்ட் (ஆயிலின் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும் வெப்பம்) நன்றாக இறங்கியிருந்தால் ஆயில் ஹீட்டர் மேற்பரப்பில் அளவுக்கு மீறிச் சூடாகி உடைந்திருக்கிறது. காரணம் ஓட்டக் குறைவு அல்லது கரண்ட் கட். அமில எண் ஏறியிருந்தால் காற்று பட்டு ஆக்சிஜனேற்றம் ஆகியிருக்கிறது. எக்ஸ்பான்ஷன் டேங்க் அளவுக்கு மேல் சூடாகிறது என்று பொருள். டேங்க் ஆயில் 60 டிகிரிக்குள் இருப்பது நல்லது. எது காரணம் என்று தெரியாமல் புது ஆயில் ஊற்றினால் அதுவும் பழைய ஆயில் போன வழியிலேயே போகும்.

## வழி 1: நாமே பார்த்துக்கொள்வது

ஒரு நோட்டும், ஒரு அலமாரியும், பொறுப்பான ஒரு ஆளும் இருந்தால் போதும். நோட்டில் தினமும் சூடு ஏறிய நேரம், பிரஷர், மூன்று ஃபேஸ் ஆம்பியர், குளிர்ந்த நிலையில் டேங்க் லெவல். கோளாறு வருவதற்கு வாரங்களுக்கு முன்பே இந்த எண்கள் நகர ஆரம்பித்துவிடும். அலமாரியில் ஒரு மெக்கானிக்கல் சீல் செட், கேஸ்கட், ஒரு ஹீட்டர் எலிமென்ட், ஒரு சென்சார், ஹீட்டரை ஆன்-ஆஃப் செய்யும் கான்டாக்டர் அல்லது எஸ்.எஸ்.ஆர். (சாலிட் ஸ்டேட் ரிலே), ஸ்ட்ரைனர் வலை. தூர ஊர்க்காரர்களுக்கு இந்த அலமாரி ஏ.எம்.சி.யைவிட வேகமாக உதவும்.

ஆள் பழக வேண்டிய முக்கியமான பழக்கம் நிறுத்தும் முறைதான். ஹீட்டரை அணைத்த பிறகும் ஆயில் 80 முதல் 100 டிகிரிக்குள் இறங்கும்வரை பம்ப் ஓட வேண்டும். மாலையில் ஷிப்ட் முடிந்ததும் மெயினையே இறக்கிவிட்டுப் போனால், ஹீட்டரை ஒட்டி நிற்கும் ஆயில் அங்கேயே வெந்து கரியாகும். கரண்ட் கட்டிலும் இதேதான் நடக்கும். பம்ப் மோட்டாரை மட்டும் ஜெனரேட்டரில் இணைத்து வைத்தால் சின்ன ஜெனரேட்டரே தாங்கும், ஹீட்டரை அதில் சேர்க்க வேண்டியதில்லை.

மறைமுகச் செலவு மூன்று. பழகிய ஆள் வேலையை விட்டுப் போனால் அனுபவமும் போய்விடும், அதனால் இரண்டு பேருக்காவது சொல்லிக்கொடுங்கள். அடுத்தது தப்பான உதிரிப்பாகம். கடையில் அதே கிலோவாட்டில் நீளம் குறைவான எலிமென்ட் கிடைக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் பரப்பு குறைந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சூடு கூடும், ஆயில் அங்கே உடையும். மூன்றாவது, சீலில் சொட்டுகிறதே, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விடுவது. குழாயைச் சுற்றி வெப்பம் போகாமல் காக்கும் ராக்வூல் உறையில் ஆயில் ஊறினால், அது ஆயிலின் சொந்தத் தீப்பிடிப்பு வெப்பத்துக்கு வெகு கீழேயே தானாகப் பற்றிக்கொள்ளும். ஃபிளேஞ்ச், வால்வு இருக்கும் இடங்களில் உறையைத் திறந்து விட்டு வையுங்கள், சொட்டினால் கண்ணுக்குத் தெரியட்டும். பக்கத்தில் டி.சி.பி. (உலர் ரசாயனத் தூள்) தீயணைப்பான் இருக்கட்டும். தண்ணீர் வாளியை அந்தப் பக்கமே வைக்காதீர்கள்.

தொண்டி, சாயல்குடி, தங்கச்சிமடம் மாதிரி ஊர்களில் ஒரே ஷிப்ட் ஓடுகிற, ஒன்று அல்லது இரண்டு யூனிட் உள்ள கூடங்களுக்கு இது நல்ல வழி.

## வழி 2: ஏ.எம்.சி.

நல்ல ஏ.எம்.சி. நல்லதுதான். ஆனால் கையெழுத்துப் போடும் முன் எதெல்லாம் சேராது என்ற பகுதியை முதலில் படியுங்கள். பல ஒப்பந்தங்களில் ஹீட்டர், சீல், ஆயில் மூன்றும் சேராது. அதிகம் கெடுவதும் அந்த மூன்றுதான். உதிரிப்பாகமும் சேர்ந்த காம்ப்ரிஹென்சிவ் ஒப்பந்தமா, கூலி மட்டுமா என்று எழுத்தில் வாங்குங்கள். போக்குவரத்துச் செலவு யாருடையது, அழைத்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், மதுரையில் உதிரிப்பாகம் இருக்குமா, வருஷத்துக்கு எத்தனை முறை ஆயில் சோதனை, சென்சாரை சரிபார்த்துச் சான்று தருவார்களா என்று எல்லாவற்றையும் கேளுங்கள்.

கடற்கரைக்காரர்கள் கூடுதலாக ஒன்று கேட்க வேண்டும்: வருகை எந்த மாதத்தில்? மழைக்கு முன்பு செப்டம்பரில் ஒன்று, மழை முடிந்து ஜனவரியில் ஒன்று என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள். அவர்கள் வசதிக்கு மே மாதத்தில் வந்து பேனலைத் துடைத்துவிட்டுப் போனால் நமக்குப் பெரிய பயனில்லை.

இரவு பகலாக ஓடும் கூடத்துக்கும், ஒரே நிறுவனத்தின் யூனிட்டுகள் பல வைத்திருப்பவர்களுக்கும், ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் வெப்பப் பதிவும் சான்றும் கேட்கிற தொழிலுக்கும் ஏ.எம்.சி. தேவை. மற்றவர்களுக்கு அந்தப் பணத்தில் பாதியை உதிரிப்பாக அலமாரியில் போடுவது மேல் என்பேன். ஏ.எம்.சி. போட்டுவிட்டோம் என்று தினசரி நோட்டை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வருத்தமான விஷயம்.

## வழி 3: ஒருமுறை முழு ஓவர்ஹால்

பாடி, டேங்க், பம்ப் உடல் எல்லாம் உறுதியாக இருந்து, ஆயிலும் பேனலும் மட்டும் நொந்து போயிருக்கிறதா? என் ஓட்டு இதற்குத்தான்.

ஆயிலை நன்றாக ஓடும் அளவுக்கு வெதுவெதுப்பாக, ஆனால் ஆபத்தில்லாத சூட்டில் வடிக்க வேண்டும். ஆறிப் போனால் கசடு அடியிலேயே தங்கிவிடும். ஹீட்டரை வெளியே இழுத்துக் கரியைச் சுரண்டி எடுக்க வேண்டும். கரி கெட்டியாக இருந்தால் புது எலிமென்ட் போடுவதே லாபம். பிறகு ஃபிளஷிங் ஆயில் ஊற்றிச் சூடாக்கிச் சுழலவிட்டு, சூடாகவே வடிக்க வேண்டும். இந்தப் படியை மிச்சம் பிடிக்கத் தோன்றும். பிடிக்காதீர்கள். உள்ளே தங்கும் பழைய ஆயில் புது ஆயிலையும் சீக்கிரம் கெடுக்கும். ஹைதெர்ம், சர்வோதெர்ம் என்று எந்தப் பிராண்டை ஊற்றினாலும் ஒரே வகையாக ஊற்றுங்கள், இரண்டைக் கலக்க வேண்டாம்.

பேனல் வேலையும் இதிலேயே சேர வேண்டும். பச்சை பூத்த லக்குகளை (கம்பி முனையில் மாட்டும் உலோகத் துண்டுகள்) வெட்டி எறிந்துவிட்டு, ஈயம் பூசிய புது லக் போடுங்கள். காற்றை உள்ளே இழுக்கிற ஃபேன் இருந்தால் அது உப்பையும் சேர்த்தே இழுக்கிறது. முடிந்தால் பேனலை யூனிட்டிலிருந்து பிரித்து உள் அறைச் சுவரில் மாட்டி, கதவு கேஸ்கட்டை மாற்றி, சின்ன பேனல் ஹீட்டர் ஒன்று போடுங்கள். ஜே வகை தெர்மோகப்பிளில் (வெப்பத்தை அளக்கும் சென்சார்) ஒரு கம்பி இரும்பு, நம் காற்றில் துருப்பிடிக்கும். கன்ட்ரோலர் ஏற்றுக்கொண்டால் கே வகைக்கோ பி.டி.100 என்ற பிளாட்டினம் சென்சாருக்கோ மாறுங்கள். கன்ட்ரோலரில் சென்சார் வகையையும் மாற்றி அமைக்க மறந்துவிடாதீர்கள். மறந்தால் காட்டும் வெப்பம் ஒன்று, உண்மை வெப்பம் ஒன்றாகிவிடும். ஃபேஸ் மாறினால் ஸ்டார்ட் ஆகவிடாத ரிலே ஒன்றையும் சேர்த்துவிடுங்கள், சின்னச் செலவுதான்.

மறுபடி ஊற்றும்போது குளிர்ந்த நிலையில் எக்ஸ்பான்ஷன் டேங்க் கால் பங்கு இருந்தால் போதும். ஒவ்வொரு 100 டிகிரிக்கும் ஆயில் 7 முதல் 8 சதவீதம் விரியும். 100 லிட்டரை 200 டிகிரிக்குக் கொண்டுபோனால் 12, 13 லிட்டர் கூடிவிடும். முதல் சூடேற்றலில் அவசரமே கூடாது. 100-110 டிகிரியில் வென்ட் திறந்த நிலையில் நிறுத்தி, படபட சத்தமும் ஆவியும் அடங்கும்வரை ஓடவிட்ட பிறகே மேலே ஏற்றுங்கள். அரை நாள் ஆனாலும் ஆகட்டும்.

மறைமுகச் செலவும் உண்டு. சில நாள் உற்பத்தி நிற்கும். இதுவரை கசடே அடைத்து வைத்திருந்த சின்னக் கசிவுகள், சுத்தம் செய்ததும் வெளியே தெரியும், அதனால் கூடுதல் கேஸ்கட் வாங்கி வையுங்கள். ஓட்டத் தொடங்கிய முதல் சில நாட்களில் ஸ்ட்ரைனரை அடிக்கடி கழற்றிப் பார்க்க வேண்டியிருக்கும்.

## வழி 4: புது யூனிட்

ஹீட்டர் டேங்கின் வெல்டிங்கே கசிகிறது என்றாலோ, தொழில் வளர்ந்து ஹீட்டர் திறன் போதவில்லை என்றாலோ, கன்ட்ரோலருக்கும் பம்புக்கும் உதிரிப்பாகமே கிடைக்கவில்லை என்றாலோ புதிது வாங்குங்கள். உப்பு தின்ற டேங்கில் ஒட்டு வெல்டிங் போட்டு 250 டிகிரியில் ஓட்டுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வாங்கும்போது கேட்க வேண்டியவை: பேனல் தனியாகவும், தூசு-தண்ணீர்ப் பாதுகாப்புத் தரம் ஐ.பி.55-க்குக் குறையாமலும் இருக்கிறதா, கன்ட்ரோலருடன் சேராமல் தனிச் சென்சாரோடு கையால் ரீசெட் செய்யும் ஹை லிமிட் உண்டா, ஓட்டம் குறைந்தால் ஹீட்டரை அணைக்கும் ஸ்விட்ச் உண்டா, எக்ஸ்பான்ஷன் டேங்க் உங்கள் குழாய் நீளத்துக்கும் சேர்த்துப் போதுமா. சீல் கசிவுக்குப் பயந்தால் சீலே இல்லாத மேக்னெடிக் டிரைவ் பம்ப் கேட்கலாம், விலை கூடும். ஆனால் அதில் கசடு போகக்கூடாது, ஸ்ட்ரைனரைக் கவனிக்க ஆள் வேண்டும்.

ஹாட் ஆயிலே வேண்டுமா என்றும் ஒருமுறை யோசியுங்கள். உங்கள் வேலை 120 டிகிரிக்குள் முடிந்துவிடும் என்றால் பிரஷர் தண்ணீர் யூனிட் போதும். தண்ணீர் ஒரே எடையில் ஆயிலைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு வெப்பம் சுமக்கும், தீ பயமும் இல்லை. ஆனால் அதற்கு நல்ல தண்ணீர் கட்டாயம், நம் போர்வெல் தண்ணீரை நம்பி இறங்கக்கூடாது. இன்னொரு பக்கம், வெப்பத் தேவை பெரிதாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால் சீமைக்கருவேல விறகில் எரியும் தெர்மிக் ஃப்ளூயிட் ஹீட்டர் நம் மாவட்டத்தில் யோசிக்கத்தக்கது, விறகு பக்கத்திலேயே கிடைக்கிறது. அதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. கரண்ட் போனால் மின் ஹீட்டர் உடனே அணையும், விறகு அணையாது. பம்ப் நின்று தணல் மட்டும் கனன்றால் காயிலில் நிற்கும் ஆயில் கருகிவிடும். டீசல் எஞ்சினில் ஓடும் மாற்றுப் பம்ப் இல்லாமல் அதை வாங்காதீர்கள்.

மறைமுகச் செலவாக மின்வாரியத்தில் கூடுதல் லோடு, குழாய் மாற்றம், ஆள் பழகும் காலம் எல்லாம் வரும். பழைய யூனிட்டைக் கெடுத்த தண்ணீரும் கரண்டும் அப்படியே இருந்தால் புதிதுக்கும் அதே கதிதான்.

## ஒரே பார்வையில்

| | நாமே | ஏ.எம்.சி. | ஓவர்ஹால் | புதிது |
|---|---|---|---|---|
| உடனடிச் செலவு | குறைவு | நடுத்தரம், வருஷா வருஷம் | நடுத்தரம், ஒருமுறை | அதிகம் |
| நிற்கும் நேரம் | அலமாரியில் பாகம் இருந்தால் சில மணி நேரம் | ஆள் வரும்வரை | திட்டமிட்ட சில நாள் | டெலிவரி வரும்வரை |
| உப்பரிப்பைச் சரிசெய்யுமா | தடுக்க உதவும் | ஒப்பந்தத்தைப் பொறுத்தது | ஆம், பேனலையும் செய்தால் | கேட்டு வாங்கினால் |
| தடுக்கும் விஷயம் | பயிற்சி பெற்ற ஆள் இல்லாமை | தூரம் | டேங்க் கசிவு | காசு, லோடு |

## யாருக்கு எது

ஆம்பியரும் வோல்டேஜும் பார்த்ததில் எலிமென்ட்டோ சோலினாய்டோதான் குற்றவாளி என்றால் பாகத்தை மாற்றிவிட்டு வழி 1-இலேயே தொடருங்கள். ஆயில் ரிப்போர்ட் மோசம், ஆனால் டேங்க் உறுதி என்றால் ஓவர்ஹால். கூலர் ஓட்டையாகி உப்புத் தண்ணீர் ஆயிலில் கலந்துவிட்டால் ஆயில் மாற்றமும் ஃபிளஷிங்கும் கட்டாயம். கூலரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டக்கூடாது. கீழக்கரை, உச்சிப்புளி பக்கம் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மூன்று கூடங்கள் இருந்தால், ஒரே நிறுவனத்தோடு சேர்ந்து ஏ.எம்.சி. பேசலாம். ஒரு வருகையில் எல்லாக் கூடமும் முடியும், போக்குவரத்துச் செலவு பங்காகும்.

## பழைய ஆயில்

ஓவர்ஹாலிலும் புது யூனிட்டிலும் பேரல் கணக்கில் பழைய ஆயில் மிஞ்சும். அதைச் சாக்கடையிலோ, கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மண்ணிலோ ஊற்றக்கூடாது. நம் வாசலில் இருப்பது மன்னார் வளைகுடா தேசியப் பூங்கா, மறுபக்கம் பாக் விரிகுடா. மழை வந்தால் ஓடை வழியே எல்லாம் அங்கேதான் போகும், கடல்பாசி வளர்க்கும் மிதவைகள் மிதக்கிற அதே தண்ணீருக்கு. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெயும் வருகிறது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அங்கீகாரம் உள்ள மறுசுழற்சியாளரிடம்தான் கொடுக்க வேண்டும். மூடியுள்ள பேரலில் நிரப்பி, மழை படாத இடத்தில், தேதி எழுதி வையுங்கள். விறகு அடுப்புக்காரர்கள் எரிக்கக் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். மறுசுழற்சியாளர் எடுத்துப் போகும்போது அளவு குறித்த ரசீது வாங்கி, அதே பராமரிப்பு நோட்டில் ஒட்டி வையுங்கள்.